கார்பன் சைக்கிள் வாங்கப் போகும் மகளுக்கு

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று சைக்கிள் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். கடைக்குப் போகிற அன்றைக்கு உன் கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டரை லட்சத்துக்குள் கார்பன் சைக்கிள் வேண்டும், கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டிக்கும் போக வேண்டும், பொள்ளாச்சிக்கும் வர வேண்டும், எப்போதாவது வால்பாறையும் ஏற வேண்டும் என்கிறாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் இருக்கிற, ஜெயன்ட் கம்பெனி ரேஸுக்கென்று செய்த டிசிஆர் வேண்டாம். அதே கம்பெனியின் நெடுந்தூர வண்டியான டிஃபையை எடு. காரணம் தெரிந்து வாங்கினால்தான் கடையில் யார் என்ன சொன்னாலும் மனசு மாறாது.

கார்பன் என்றதும் எல்லாரும் எடையைத்தான் பேசுகிறார்கள். நல்ல அலுமினிய ரோடு சைக்கிள் ஒன்பதரை கிலோ வரும். நீ பார்க்கிற விலையில் கார்பன் வண்டி எட்டரையிலிருந்து ஒன்பது. மிஞ்சிப் போனால் ஒரு கிலோ வித்தியாசம். நீயும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 65 கிலோ என்று வைத்துக்கொள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவையும் ஏற இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், அந்த ஒரு கிலோவால் இரண்டு நிமிஷம்கூட மிச்சமாகாது. சமதளத்தில் அதுவும் கிடையாது. அங்கே மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே காற்றோடுதான் சண்டை. அந்தக் காற்றும் பெரும்பாலும் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டுகிற ஆள்மேல்தான் மோதும்.

அப்புறம் எதற்குக் கார்பன்? அது சொன்னபடி கேட்கும் பொருள், அதற்காக. உருண்டையான இரும்புக் குழாயை எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே மாதிரிதான் எதிர்க்கும். கார்பன் இழை நம்ம ஊர் தேங்காய் நார் மாதிரி. நீளவாக்கில் இழுத்தால் அசைந்து கொடுக்காது, குறுக்கே அந்தப் பலம் இருக்காது. அதனால் பிசின் தோய்ந்த கார்பன் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றை நேராக, அடுத்ததைச் சாய்வாக என்று ஆட்கள் கையாலேயே அடுக்குகிறார்கள். ஒரு ஃபிரேமுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் போகும். பிறகு அச்சுக்குள் வைத்து, உள்ளே காற்றுப் பையை ஊதி அழுத்தி, சூட்டில் இறுக வைக்கிறார்கள். பெடல் அச்சு இருக்கிற இடம் வளையாமல் நிற்க வேண்டும், சீட்டுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும் என்றால் அந்த மாதிரியே அடுக்க முடியும். நீ கொடுக்கிற கூடுதல் பணம் இந்த வேலைக்குத்தான்.

டிஃபையின் சீட் போஸ்ட்டைக் கடையில் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார். முன்பக்கம் வளைவாகவும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பின்னால் லேசாக வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் அந்த வடிவம். நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற உன் இடுப்புக்கு அந்த அசைவு வேண்டும் கண்ணு.

டிசிஆரை நான் குறை சொல்லவில்லை. 1990களில் மைக் பரோஸ் என்ற இங்கிலாந்துக்காரர் மேல் குழாயைப் பின்னால் சாய்த்து அந்த வண்டியை வடிவமைத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வாங்கிய லோட்டஸ் கார்பன் சைக்கிளுக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். மேல் குழாய் சாய்ந்ததால் ஃபிரேம் சின்னதாகி இறுக்கமானது. அதோடு, பல அளவுகளில் செய்துகொண்டிருந்ததை எஸ், எம், எல் என்று சில அளவுகளுக்குள் முடிக்கவும் முடிந்தது. நல்ல ஃபிரேம் விலை இறங்க இதெல்லாம் உதவியது. ஆனால் அது குனிந்து ஓட்டுகிற வண்டி. குனிந்து அரை மணி நேரம் சுகமாக இருக்கும். நாலு மணி நேரம் கழித்துக் கழுத்தும் உள்ளங்கையும் என்ன சொல்கின்றன என்பதுதான் கணக்கு. டிஃபையில் ஹேண்டில் பார் கொஞ்சம் உயரத்திலும் கிட்டத்திலும் வரும். அகலமான டயர் போடவும் இடம் இருக்கும். 32 மில்லிமீட்டர் டயர் போட்டுக்கொள். உன் எடைக்கு 50, 55 பிஎஸ்ஐ காற்று போதும். பழைய ஆட்கள் 23 மில்லிமீட்டர் டயரில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் அடித்து ஓட்டச் சொல்வார்கள், கேட்காதே. எஸ்டேட் ரோட்டில் அந்தக் காற்றோடு போனால் எலும்பு கழன்றுவிடும்.

அளவு விஷயத்தில் பிடிவாதமாக இரு. உன் உயரத்துக்கு எக்ஸ்எஸ்தான் வரும் என்று நினைக்கிறேன். கடையில் எஸ் மட்டும் இருந்தால், சீட்டை இறக்கிக் காட்டி "சரியாத்தானே இருக்கு" என்பார்கள். சைக்கிள் கடையில் இத்தனை காலம் நின்றவன் சொல்கிறேன், சீட்டை இறக்கினால் கால் எட்டும், கை எட்டாது. பிரேக் லீவர் மேல் கை வைத்து உட்கார்ந்து பார். முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்து இருக்க வேண்டும். கையை நீட்டி விறைத்துப் பிடித்தால் அந்த வண்டி உனக்கில்லை. ஹேண்டில் பார் 38 சென்டிமீட்டரா 40-ஆ என்று கேள். இந்தக் காலத்து வண்டிகளில் ஒயரெல்லாம் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், வழியாக உள்ளே போகிறது. பார்க்க அழகு, பின்னால் மாற்றப் போனால் பிரேக் எண்ணெய் போகிற ஹோஸையே கழற்ற வேண்டி வரலாம். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம், ஹேண்டில் பார் எது மாற்றினாலும் டெலிவரிக்கு முன்பே மாற்றி வாங்கு.

கியருக்கு ஷிமானோ கம்பெனியின் 105 செட் போதும். முன்னால் சின்னப் பல் சக்கரம் 34, பின்னால் பெரியது 34 இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார். பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. வால்பாறைக்கு அது இல்லாமல் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே. எலக்ட்ரானிக் கியர் வேண்டாம், அந்தக் காசு வேறு இடத்தில் வேண்டும். போன மாடலில் 11 கியர் 105 போட்ட வண்டி குறைந்த விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடு. பிரேக் மட்டும் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்கட்டும். மலை இறக்கத்தில் விரல் வலிக்காது.

இரண்டாவது படம், நெட்டில் வருகிற பேர் இல்லாத ஃபிரேம். "டி800 கார்பன்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறான். அது ஜப்பானின் டோரே கம்பெனி செய்கிற இழையின் ரகம். இழை நல்லதாகவே இருக்கட்டும், அடுக்கியது யார், சோதித்தது யார்? பெயிண்டுக்கு மேலே பார்த்து எனக்கே தெரியாது. தைவானிலும் சீனாவிலும்தான் பெரிய பேர் வண்டிகளும் பெரும்பாலும் தயாராகின்றன, அதனால் நாட்டைப் பார்த்து நான் பயப்படவில்லை. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் முறிந்தால் யாரைப் போய்க் கேட்பது என்றுதான் பயம். வேண்டாம்.

மூன்றாவது, ஆபீஸ் நண்பர் விற்கிற பழைய கார்பன். அவர் விழுந்திருக்கிறாரா என்று வெட்கப்படாமல் கேள். சீட் போஸ்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடி. ஹேண்டிலுக்குக் கீழே ஹெட் டியூப் சேருமிடம், கீழ்க் குழாயின் அடிப்பக்கம், பின் சக்கரத்துக்குப் போகிற குழாய்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் துணியால் துடை. நூல் சிக்கினால் அங்கே விரிசல். நாணயத்தால் தட்டிக்கொண்டே போ, டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடு. இரும்பு வளைந்து காட்டிக் கொடுக்கும். கார்பன் உள்ளுக்குள் விட்டுப்போய் வெளியே பளபளவென்று நிற்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஃபோர்க்கின் மேல் தண்டு ஸ்டெம்முக்குள் மறைந்திருக்கும், அதையும் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

டிஃபை விலை கையை மீறினால் கார்பனை விட்டுவிடு. கார்பன் ஃபோர்க், 105, ஹைட்ராலிக் பிரேக் உள்ள அலுமினிய வண்டியை எடு. மட்டமான சாமான் மாட்டிய கார்பனைவிட அது உன்னை வெகுதூரம் கொண்டுபோகும். எதை வாங்கினாலும் 25 ஆயிரம் தனியாக வை. இந்த ரக வண்டியோடு பெடல்கூடப் பெரும்பாலும் வராது. ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், பம்ப், முறுக்கை அளந்து காட்டுகிற ஒரு டார்க் ரெஞ்ச். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதே. கார்பனில் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போல்ட் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், பல இடங்களில் 5. அதற்கு மேல் யாரையும் முறுக்க விடாதே. காரில் ஏற்றினால் மேல் குழாயைப் பிடிக்கிற கேரியரும் ஆகாது.

வண்டி வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வா. கம்பெனி வீலில் கம்பிகள் ஒரே இறுக்கமாக இருப்பது அபூர்வம், நானே கோட்டம் எடுத்துத் தருகிறேன். மாப்பிள்ளையை உன் கால் உள்ளளவை எடுத்து அனுப்பச் சொல்: வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, கால் இடுக்கில் மேலே முட்டும்படி ஒரு புத்தகத்தை இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும். சென்டிமீட்டரில் அனுப்பட்டும். அதைப் பார்த்துவிட்டு சீட் உயரம் சொல்கிறேன். 50 ஆயிரம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், மறுபேச்சு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா