யோசிக்காத எண்டு சொல்லாம, எழுதிப் பாருங்க எண்டு சொன்ன ஆக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில வீட்டோட தையல் தைக்கிற ஆள், வயசு 41, ரெண்டு புள்ளைகள், எங்கட இவர் கட்டார்ல ட்ரைவர் வேல. போன வருசம் முழுக்க எனக்கு மனசு சரியில்லாம கிடந்த கத ஊருக்குள்ள கனபேருக்குத் தெரியும், தெரியாத ஆக்களுக்கும் இப்ப தெரியட்டும், அதுல எனக்கு வெக்கமில்ல. முகத்துக்கு நேர நிண்டு நன்றி சொல்ல வெளிக்கிட்டா அழுகதான் வருது, சொல்ல நினைச்சது ஒண்டும் வாயில வருதில்ல, அதாலதான் எழுதுறன்.

தொடக்கம் ஒரு உடுப்பு. காத்தான்குடி ராத்தா ஒராள் மகள்ட கலியாணத்துக்கு சல்வார் தைக்கத் தந்தவ, நான் கை அளவப் பிழையா வெட்டிட்டன், போட்டுப் பார்க்கக்குள்ள கை இறுக்கிப் பிடிச்சிட்டு. ராத்தா ஒண்டும் பேசல்ல, உடுப்ப மடிச்சுப் பையில வச்சுக்கொண்டு போனவ, அதுக்குப் பிறகு ஆளக் காணல்ல. அந்தப் பேசாமப் போனதுதான் எனக்குள்ள போய் உக்காந்திட்டு. ராத்தா எல்லாரிட்டயும் சொல்லியிருப்பா, இனி ஆரும் துணி தர மாட்டாங்க, லோன் கட்ட ஏலாமப் போகும், புள்ளைகள் தெருவுல நிக்கும், நான் ஒண்டுக்கும் உதவாத ஆள், இப்பிடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரும், நிப்பாட்ட ஏலா. ராவு மூண்டு மணிக்கு முழிப்பு வந்தா விடியும் வரைக்கும் இதான். சோறு இறங்காது. மிசினுக்கு மேல ஒரு பழைய பெட்சீட்டப் போட்டு மூடினவள்தான், ரெண்டு மாசமாத் திறக்கல்ல.

அதோட பயமும் சேர்ந்திட்டு. இவருக்குக் கோல் எடுத்து அவர் எடுக்காட்டி அவ்வளவுதான், எக்சிடென்ட் எண்டு மனசு முடிவே கட்டிரும், நெஞ்சு படபடவெண்டு அடிக்கும், கை விறைக்கும், மூச்சு எடுக்க ஏலா. ரெண்டு தரம் ராவோட ராவா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு தரமும் ஈ.சி.ஜி. நோர்மல். அந்த ரெண்டு தரமும் ஓட்டோவக் கொண்டு வந்த முன் வீட்டுத் தம்பி, ரெண்டாவது தரம் காசே வேணாமெண்டவன், விடியும் வரைக்கும் வெளியில நுளம்புக் கடியில நிண்டவன், தம்பி உனக்குத்தான் முதல் நன்றி.

அந்த நாட்கள்ல என்னைப் பார்க்க வந்த எல்லாரும் அன்பாத்தான் வந்தாங்க, ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டன். ஆனா எல்லாரும் சொன்னது ஒரே வசனம், "யோசிக்காதீங்க". எங்கட ஊர்ல இந்த வருத்தத்துக்குப் பேரே யோசினதானே, "அவ கடுமையா யோசிக்கா" எண்டுதான் சொல்லுவாங்க. யோசிக்காம இருக்க ஏலுமெண்டா நான் ஏன் யோசிக்கிறன்? அந்த வசனத்தக் கேக்கிற ஒவ்வொரு தரமும், இதக்கூட என்னால செய்ய ஏலாமக் கிடக்கே எண்டு இன்னும் ஒரு யோசினதான் கூடினது.

ரெண்டாவது தரம் போனண்டு ராவு பார்த்த டொக்டர் "நெஞ்சுல ஒண்டுமில்ல போங்க" எண்டு அனுப்பாம, மனநல கிளினிக்குக்கு ஒருக்கா வாங்க எண்டு துண்டு எழுதித் தந்தவர். கிளினிக்ல டொக்டர் கடந்த ரெண்டு கிழமையில எத்தின நாள் நித்திர வரல்ல, எத்தின நாள் ஒண்டுலயும் விருப்பமில்லாம இருந்திச்சு, செத்தா நல்லமெண்டு நினைச்சீங்களா எண்டெல்லாம் ஒன்பது கேள்வி கேட்டார், நான் கடைசிக் கேள்விக்கு ஓம் எண்டன், அவர் முகம் சுழிக்கல்ல, ஆறுதலா அதப் பத்தியே கொஞ்ச நேரம் கதைச்சார். மருந்து தந்துட்டு, இது குணம் தெரியக் கிழமைக் கணக்காகும், முதல் கிழமை வயித்தப் பிரட்டும், அதுக்குப் பயந்து நீங்களா நிப்பாட்டாதீங்க எண்டு சொன்னவர். சொன்ன மாதிரியே பிரட்டினது. அவர் முன்னுக்கே சொல்லாட்டி நான் மூணாம் நாளே குளிசையக் குப்பையில போட்டிருப்பன். டொக்டர், நன்றி.

இனி மிஸ். பிரதேச செயலகத்துல இருக்கிற எங்கட உளவளத்துணை மிஸ். பேர் போட வேணாமெண்டு அவவே சொன்னதால போடல்ல.

மிஸ் முதல் நாள் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவ. அம்மா கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வச்சு கையில கட்டிவிட்ட நூல் கிடந்திச்சு, இதென்ன மூடநம்பிக்க எண்டு சொல்லுவாவோ எண்டு நான் கைய மறைச்சன், அவ "கட்டியிருங்க, அம்மாட அன்புதானே" எண்டா. ரெண்டாம் நாள்தான் சொன்னவ, "யோசிக்காதீங்க எண்டு நான் சொல்ல மாட்டன், யோசிங்க, ஆனா எழுதி யோசிங்க". ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கச் சொன்னா. பக்கத்த நாலாப் பிரிச்சு கோடு. என்ன நடந்திச்சு, அந்த நேரம் மனசுல ஓடின வசனம் என்ன, பயம் நூத்துக்கு எத்தின, அந்த வசனத்துக்கு என்ன ஆதாரம் இருக்கு என்ன ஆதாரம் இல்ல. எழுதி முடிஞ்சாப் பிறகு பயம் எத்தின எண்டு திரும்பப் போடணும். நான் எட்டாம் வகுப்போட நிண்டவள், எழுத்துப் பிழையெல்லாம் வரும் மிஸ் எண்டன். பிழையா இருந்தாலும் உங்கட வசனமா இருக்கட்டும் எண்டா.

நான் நினைச்சது இது மனசத் தேத்துறதுக்கு சும்மா சொல்லுற வேல எண்டு. மிஸ்தான் விளங்கப்படுத்தினவ. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரன் பெக் எண்டு ஒரு மனநல டொக்டர் இருந்தவராம், மனச்சோர்வு எண்டா உள்ளுக்குள்ள திரும்பின கோபம் எண்டுதான் அவருக்கும் படிப்பிச்சிருக்காங்க, ஆனா 1960கள்ல தன்னட்ட வாற நோயாளிகள் சொல்லுறத உன்னிப்பாக் கேக்கக்குள்ள அவர் கண்டது வேற, அவங்கட மனசுல கேக்காமலே சின்னச் சின்ன வசனங்கள் கண்மூடி முழிக்கிறதுக்குள்ள ஓடுது, தன்னப் பத்தி, உலகத்தப் பத்தி, வரப்போற நாளப் பத்தி, மூண்டு பக்கமும் இருட்டான வசனங்கள். அந்த வசனம் தானா வருது, வாற வேகத்துல உண்ம மாதிரியே தெரியுது. அதப் பிடிச்சு நிப்பாட்டி சரியா பிழையா எண்டு பார்க்கப் பழக்கினா சோர்வும் பயமும் குறையுது எண்டு காட்டினவர். 2021ல நூறு வயசுலதான் செத்திருக்கார். மிஸ் இதச் சொல்லக்குள்ள நான் கொப்பியப் பார்த்தன், முதல் பக்கத்துல "நான் ஒண்டுக்கும் உதவாத ஆள்", அதுக்குக் கீழ "எல்லாரும் என்னப் பத்திக் கதைப்பாங்க", அதுக்குக் கீழ "இனி ஒண்டும் சரி வராது". அதே மூண்டும். எனக்கு மட்டும் வந்த சாபமெண்டு நினைச்சுக்கொண்டு இருந்த ஒண்டு, எங்கயோ இருக்கிற ஆக்களுக்கும் இதே ஒழுங்குல வருதெண்டு தெரிஞ்ச அண்டைக்குத்தான் கன நாளைக்குப் பிறகு ராவு நித்திர கொண்டன்.

நெஞ்சு அடிக்கிறதுக்கு மிஸ் செஞ்சத மறக்கவே மாட்டன். வீட்டுக்கே வந்தவ. பெட்சீட்ட எடுத்துட்டு மிசின்ல உக்காரச் சொன்னா, துணியில்லாம சும்மா மிதிங்க, வேகமா, இன்னும் வேகமா எண்டா. ரெண்டு நிமிசத்துல மூச்சு வாங்குது, நெஞ்சு அடிக்குது. "இப்ப அடிக்கிறதுக்கும் ராவு அடிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?" எண்டு கேட்டா. தொட்டுப் பார்த்தன், ஒரே அடிதான். "பெருநாள் சீசன்ல நாள் முழுக்க இப்பிடி மிதிச்சிருப்பீங்க, அப்ப சாகப்போறன் எண்டு நினைச்சீங்களா?" இல்ல மிஸ், அப்ப மிதிச்ச களைப்பு எண்டு தெரியும். ராவுல அது என்னெண்டு தெரியாததால சாவு எண்டு பேர் வச்சிருக்கன், அந்தப் பேரக் கேட்டுப் பயம் கூடுது, பயத்துல அடி இன்னும் கூடுது, அதக் கண்டு திரும்பப் பயப்பிடுறன். இந்தச் சுத்து மிசின் சில்லு மாதிரியேதான், எங்கயாவது ஒரு இடத்துல கைய வச்சா நிண்டிரும்.

ஃபோன் விசயத்துல மட்டும் நான் மிஸ்ஸோட சண்ட பிடிச்சன். மிஸ், பயந்தது நடக்காத ஊரா இது? 2004 மார்கழி 26 காலம்பற கடல் வருமெண்டு ஆர் நினைச்ச? எனக்கு அப்ப இருவது வயசு, பெரியம்மாட வீட்டுல ஒராளும் மிஞ்சல்ல. அதுக்கு முதல் எத்தின வருசம் வெளிய போன ஆம்பிளைகள் வீட்டுக்கு வரல்ல. இதெல்லாம் கற்பன எண்டு சொல்லுறீங்களா? மிஸ் கொஞ்ச நேரம் பேசல்ல. மறுகா சொன்னா, "அதெல்லாம் நடந்தது, அத ஆரும் இல்லையெண்டு சொல்ல ஏலா. உங்கட மனசு அண்டைக்குப் படிச்ச பாடத்த இண்டைக்கும் சொல்லுது. நான் கேக்கிறது அண்டையான் கடலப் பத்தி இல்ல, நேத்து ராவு எட்டரைக்கு அவர் ஃபோன் எடுக்காததப் பத்தி. அதுக்கு என்ன ஆதாரம்?" கொப்பியில எழுத வச்சா. எங்களுக்கு எட்டர மணி எண்டா கட்டார்ல ஆறு மணி, ரெண்டர மணித்தியாலம் வித்தியாசம், ஆறு மணிக்கு அவர் கம்பெனி ஆக்கள ஏத்திக்கொண்டு ரோட்டுல நிக்கிற நேரம், ஓடக்குள்ள ஃபோன் எடுக்க ஏலா. இத்தின நாளும் எனக்குத் தெரிஞ்ச விசயம்தான், பயம் வாற நேரம் மட்டும் தெரியாமப் போயிருக்கு. அதுக்குப் பிறகு அவர் எடுக்காத ஒவ்வொரு தரத்தையும் எழுதினன், 23 தரம். 23 தரமும் திரும்பி எடுத்திருக்கார். தொண்ணூறு போட்ட பயம் கடைசிப் பக்கங்கள்ல முப்பது. அவரும் அங்க இருந்துகொண்டு நான் கேக்காமலே ஒவ்வொரு நாளும் வேல முடிய "வந்திட்டன் புள்ள" எண்டு ஒரு வொய்ஸ் போடுவார், அதுக்கு அவருக்கு நன்றி, இது உங்களுக்கும் வட்ஸ்அப்புல வரும், அழ வேணாம்.

ராத்தாட விசயம்தான் கடைசியா வந்திச்சு. "எல்லாரிட்டயும் சொல்லிட்டா" எண்டதுக்கு ஆதாரத்த நீங்களே போய்க் கேளுங்க எண்டா மிஸ். நாலு நாள் ஃபோனக் கையில வச்சுக்கொண்டு இருந்தன். அஞ்சாம் நாள் எடுத்தன். ராத்தா எடுத்ததும், "என்ன தங்கச்சி, ஆளையே காணல்ல, ரெண்டு தரம் வந்தன் கதவு பூட்டிக் கிடந்திச்சு" எண்டா. நான் கதவுக்கு உள்ளதான் இருந்திருக்கன், தட்டின சத்தம் கேட்டும் திறக்கல்ல. கைய இறுக்கமா வெட்டினதச் சொல்லி மன்னிப்புக் கேட்டன், அவ பொய் சொல்லல்ல, "ஓம், கை இறுக்கம்தான், மகள் அழுதா, மைனி பிரிச்சு ஒட்டுப்போட்டுத் தைச்சுத் தந்தா, கலியாணமும் முடிஞ்சு மகள் இப்ப முழுகாம இருக்கா" எண்டா. பிழையே இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். நான் பிழ விட்டது மெய்தான், ஆனா ரெண்டு மாசமா என்ட தலைக்குள்ள நடந்த மிச்சக் கத ஒண்டும் வெளியில நடக்கல்ல. ராத்தா, நீங்க அண்டைக்கு உள்ளத உள்ளபடி சொன்னது எனக்குக் குளிசையவிடப் பெரிய மருந்து.

லோன் வேற கத. கடன் மனசுல ஓடுற வசனமில்ல, கடன் கடன்தான், அதக் கொப்பியில மாத்தி எழுத ஏலா, மிஸ்ஸும் மாத்தச் சொல்லல்ல. உண்மையான பிரச்சினைக்கு ஆதாரம் தேட வேணாம், வழி தேடுவம் எண்டா. அதுக்கு வந்தவர் மச்சான், மூண்டு பின்னேரம் என்னோட இருந்து எல்லாத் துண்டையும் பிரிச்சுக் கணக்குப் போட்டு, லோன் தந்த கம்பெனிக்குக் கூடவே வந்து கதைச்சு, கிழமைக் காச மாசக் காசா மாத்தித் தந்தவர். மச்சான், நன்றி.

மகளுக்கு ஓ.எல். வருசம். தம்பியக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பி, சோறாக்கி வச்சுட்டுப் படிச்சவ. உனக்கு நான் தனியா எழுதுவன் மனே.

கடைசியா பக்கத்து வீட்டுப் பெத்தா. பெத்தாக்கு எழுத வாசிக்கத் தெரியா, இத மகள்தான் வாசிச்சுக் காட்டுவா. ஒவ்வொரு பின்னேரமும் வேப்ப மரத்துக்குக் கீழ கிடக்கிற வாங்குல என்ன உக்கார வச்சு, இண்டைக்கு என்ன எழுதின சொல்லு கேப்பம் எண்டு கேட்டவ. புத்தி சொல்லவே மாட்டா. கேட்டு முடிய, "சரி, இண்டைக்கு மிசின்ல என்ன தைச்ச?" எண்டுதான் கேப்பா. ஒரு நாளைக்கு ஒரு பட்டன் தைச்சாலும் போதும், மனசு வந்தாப் பிறகு வேல செய்வம் எண்டு இருக்காதீங்க, வேலையத் தொட்டாத்தான் மனசு வரும் எண்டு மிஸ் சொல்லியிருந்தா, பெத்தாக்கு அது தெரியாமலே தெரிஞ்சிருக்கு. இதக் கேட்ட மிஸ் ஒரு விசயம் சொன்னா. ஆபிரிக்காவுல சிம்பாப்வேயில 2006ல இருந்து இப்பிடித்தானாம், ஊர் அம்மம்மாமாருக்குப் பழக்கி, கிளினிக் வாசல்ல மரவாங்கு போட்டு உக்கார வச்சிருக்காங்களாம், அங்கயும் இந்த வருத்தத்துக்கு அவங்கட பாசையில பேரு "கூடுதலா யோசிக்கிறது"தானாம், 2016ல ஆராய்ச்சி செஞ்சு பார்க்கக்குள்ள அந்த அம்மம்மாமாரோட கதைச்ச ஆக்களுக்கு நல்லாவே குறைஞ்சிருக்காம். பெத்தா, நீங்க செஞ்ச வேலைய உலகத்துல வேற பெத்தாமாரும் செய்யிறாங்க.

எனக்கு இன்னும் முழுசாச் சுகமில்ல. சில நாள் அந்த வசனங்கள் வருது, வந்தா கொப்பிய எடுக்கிறன், இப்ப மூண்டாவது கொப்பி. குளிசையும் போடுறன், சுகமெண்டு தெரிஞ்சாப் பிறகும் ஆறு மாசமாவது போடணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கார். இத வாசிக்கிற ஆருக்காவது ராவு மூண்டு மணிக்கு முழிப்பு வருமெண்டா, கிளினிக் போக வெக்கமெண்டா, 1926க்கு அடிங்க, அது தேசிய மனநல நிறுவகத்துட நம்பர், ராவுலயும் எடுப்பாங்க, தமிழ்லயும் கதைக்கலாம். இல்லாட்டி என்ட வீட்டுக்கு வாங்க, கதவு இப்ப திறந்துதான் கிடக்கு, மிசின் சத்தம் கேக்கும்.

ராத்தா, பேரப்புள்ளைக்குச் சட்ட நான்தான் தைப்பன், துணிய வேற ஆரிட்டயும் குடுத்துராதீங்க. பெத்தா, நான் இண்டைக்குப் பின்னேரம் டவுனுக்குப் போயிட்டு வரக்குள்ள வெத்திலையும் பாக்கும் வாங்கியாறன், வாங்குல எனக்கு இடம் வச்சிருங்க.