ஒளியையும் ஈர்ப்பு தொடும், திருத்தம் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயிறு மாணவர் பக்கத்துல, ஒளிக்கு எடை கிடையாது அதனால ஈர்ப்பு அதை ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருந்தீங்க. அது தப்புங்க ஐயா. என்கிட்ட ஃபிசிக்ஸ் டியூஷனுக்கு வர்ற ஃபார்ம் ஃபைவ் பொண்ணு அதை வெட்டி நோட்டுல ஒட்டிக்கிட்டு வந்து காட்டுனா, மனசு கேக்காம எழுதறேன்.

1919 மே 29 சூரிய கிரகணத்தப்பவே, சூரியன் ஓரமா வந்த நட்சத்திர வெளிச்சம் வளையறதை வானியலாளர் எடிங்டன் ஆளுங்க அளந்துட்டாங்க. எடை இல்லாட்டி என்ன, எனர்ஜி இருக்கே, ஈர்ப்புக்கு அது போதும். அந்தப் பொண்ணை எங்க ஃப்ளாட்டு ஏழாவது மாடி காரிடோர்ல நிக்க வச்சு, கீழ மோட்டார் நிறுத்தற இடத்துல எரியற லைட்டைக் காட்டுனேன், அந்த வெளிச்சம் மேல ஏறி நம்ம கண்ணுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சூண்டு எனர்ஜியை விட்டுட்டுதான் வருதும்மான்னு. கிட்டத்தட்ட இதே உயரம்தான், 22.5 மீட்டர், 1960-ல ஹார்வர்ட்ல பவுண்ட், ரெப்கான்னு ரெண்டு இயற்பியலாளருங்க காமா கதிரை வச்சு அந்த மாற்றத்தை அளந்தாங்க, நாலு கோடி கோடியில ஒரு பங்கு!

அவ விடல. "டீச்சர், ரெண்டு பிளவு வச்சா ஒரே ஃபோட்டான், அதான் ஒளித்துகள், ரெண்டு வழியிலயும் போகும்னு சொன்னீங்களே, எனர்ஜி இருந்தா அதுவும் ஈர்க்கும்ல, அப்ப அந்த ஈர்ப்பு எந்த வழியில இருக்கும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க ஐயா. இன்னிக்கு வரைக்கும் சோதிச்சுப் பாத்து யாரும் பதில் சொல்லாத கேள்வி அது. ஒத்த ஃபோட்டானோட ஈர்ப்பு அளக்க முடியாத அளவுக்குச் சின்னது, ஈர்ப்பைச் சுமக்கறதா நினைக்கற கிராவிட்டான்ங்கற துகளையும் இதுவரை யாரும் பாத்ததில்ல. அதனாலதான் 2017-ல இயற்பியலாளருங்க, சௌகதோ போஸ் குழு ஒண்ணு, மார்லெட்டோவும் வெட்ரலும் ஒண்ணுன்னு தனித்தனியா ஒரு வழி சொன்னாங்க, ரொம்பச் சின்னதா ரெண்டு பொருள், வைரத் துணுக்கு மாதிரி, ஒவ்வொண்ணையும் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கற நிலைக்குக் கொண்டுவந்து பக்கத்துல வைக்கணும், வேற எந்த விசையும் குறுக்க வராம ஈர்ப்பு மட்டுமே அந்த ரெண்டையும், ஒண்ணோட நிலையைத் தனியா சொல்ல முடியாதபடி, குவாண்டம் முறையில பிணைச்சுட்டா, ஈர்ப்பும் அந்த ஃபோட்டான் மாதிரி குவாண்டம் விதிப்படிதான் நடக்குதுன்னு. செஞ்சு காட்ட ரொம்பக் கஷ்டம்.

இதையெல்லாம் நம்ம பிள்ளைங்க தமிழ்லயே படிக்கணும் ஐயா, எஸ்பிஎம் பரீட்சையில வராட்டியும் பரவால்ல. வர்ற ஞாயிறு திருத்தம் போடுங்க, அவ நோட்டுல அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை ஒட்டறதுக்காகக் காலியா விட்டு வச்சிருக்கா.

டியூஷன் ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு