மூன்றில் ஒன்று போதும்

பினாங்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் வீடு அமைந்துவிட்டது என்று கேட்டு நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படியும் ஏறியே தீருவேன் என்கிறார்.

சரி, நம் ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வாங்கத்தான் வேண்டுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப் புத்தகங்கள் கையில் இருக்கும்போது 2024 பதிப்பு எதற்கு என்றுதான் நானும் தள்ளிப்போட்டு வந்தேன். அமெரிக்க விலையே ஒரு புத்தகத்துக்கு 49.99 டாலர். அடிப்படைப் புத்தகங்கள் மூன்றும் சேர்ந்தால் 600 மலேசிய வெள்ளியை ஒட்டி வந்துவிடும்.

என் மனத்தை மாற்றியது அக்கா மகள்தான். ஆட்டத்தில் அவள் ஃபைட்டர், ஆயுதம் ஏந்திச் சண்டையிடும் வீராங்கனை. அவள் முறை வந்தால் பகடையை உருட்டுவாள். பட்டது, படவில்லை, முடிந்தது. மந்திரவாதியாக ஆடும் பையன் எந்த மந்திரம் என்று ஐந்து நிமிடம் யோசிப்பான். அதுவரை இவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்டத்தை நடத்துகிற எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

புதிய விதிகளில் வெப்பன் மாஸ்டரி என்று ஒன்று வந்திருக்கிறது. ஆயுதத்துக்கு ஆயுதம் குணம் வேறு. போர்ச் சுத்தியால் அடித்தால் எதிரியைப் பத்தடி தள்ளலாம். போர்க்கோடரி பட்டு, தப்பிக்க உருட்டும் பகடையில் (சேவிங் த்ரோ) தோற்றால் எதிரி கீழே விழுவான். இரண்டு கையால் வீசும் பெரிய வாள் குறி தவறினாலும் கொஞ்சம் காயப்படுத்தும். இதெல்லாம் 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதி ஆவணத்தில் இலவசமாகவே இருக்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும் அச்செடுத்துப் போன சனிக்கிழமை ஆடிப் பார்த்தோம். கதையில் பள்ளத்தின் விளிம்பில் ஓகர் என்ற ராட்சத உருவம் ஒன்று நின்றது. அவள் உடனே அடிக்கவில்லை. "மாமா, நான் சுற்றிப்போய் இந்தப் பக்கம் நின்று அடித்தால் அது எங்கே போய் விழும்?" என்று கேட்டாள். ஆறு மாதமாக அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை, முரளி.

இலவசமாகக் கிடைக்கிறதே, வாங்குவானேன் என்பாய். அதில் ஃபைட்டருக்கு சாம்பியன் என்ற ஒரே பிரிவுதான். அந்த மூன்றில் ஒன்றான, ஆடுபவர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் நான்கு. அவளே உட்கார்ந்து புரட்டித் தேர்ந்தெடுக்கட்டும். மற்ற இரண்டு புத்தகங்களும் இப்போதைக்கு வேண்டாம். நம் பழைய அரக்கர்களும் சாகசக் கதைகளும் புதிய விதியோடு ஒத்துப்போகின்றன.

உனக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் உண்டு. உன் பாத்திரத்தின் இனமான அரை எல்ஃப் இந்தப் பதிப்பில் இல்லை. அரை ஓர்க்கையும் எடுத்துவிட்டு முழு ஓர்க்கைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய புத்தகத்திலிருந்து உன் ஆளை அப்படியே கொண்டுவரலாம், என் மேசையில் அவனுக்கு என்றும் இடம் உண்டு.

அங்கே கடையில் புத்தகத்தைப் பார்த்தால் விலை கேட்டுச் சொல். பணம் அனுப்பிவிடுகிறேன், தைப்பூசத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவா. அப்புறம், அந்த அரை எல்ஃபின் விவரங்கள் எழுதிய தாளையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
சேகர்