நன்னா வீட்டு மழைத்தொட்டி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் என் வீட்டுக்காரிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்துக் கிணறு உப்புத் தட்டுகிறது, இன்னும் 100 அடி போர் இறக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே பதில்.

மத்தியதரைக் கடலில் இருக்கிற தீவு நாடான மால்டாவுக்கு, மகன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. தீவுகள் எல்லாம் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். ஜூலையில் அண்ணாந்து பார்த்தால் கண் கூசுவதுதான் மிச்சம்.

இருக்கிற நல்ல தண்ணீர் தரைக்கடியில். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், பக்கவாட்டில் புகுந்த கடல்தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, அவ்வளவுதான். அது கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் அடியில் 40 மீட்டர் வரை இருக்கும் என்பது கணக்கு. மேலே அந்த ஒரு மீட்டரை நீ இறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு நாளாவட்டத்தில் 40 மீட்டர் ஏறிவரும். ஆழத்தில் குழாயை விட்டு இழுத்தால் இன்னும் சீக்கிரம். இப்போது புரிகிறதா, ஏன் பதறுகிறேன் என்று?

இவர்கள் தா கண்டியா என்ற இடத்தில் கிட்டத்தட்ட 100 மீட்டர் கீழே இறங்கி, கடல்மட்டத்துக்கு வந்ததும் ஆழப்படுத்துவதை விட்டுவிட்டுப் படுக்கைவசமாகக் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் தோண்டினார்கள். மேல் ஏட்டை மட்டும் வழித்தெடுக்கிற வேலை. அதுவும் போதவில்லை. தோட்டக்காரர்கள் போட்ட போர்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1982-இல் ஆர் லாப்சி என்ற இடத்தில் கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள், அந்த வகையில் அப்போது உலகத்திலேயே பெரியது. இன்று குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல்தண்ணீர்தான், மிச்சத்துக்கு நிலத்தடி நீரைக் கலக்கிறார்கள். கெட்டிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது. காபிக்கு மட்டும் மருமகள் பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறாள். எனக்கு அதுவும் ருசிக்கவில்லை, அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. வீட்டுச் சொந்தக்காரம்மாவின் அம்மா கீழ் வீட்டில் இருக்கிறார். பாட்டியை இங்கே நன்னா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் முற்றத்தில் ஒரு கல் மூடி. திறந்தால், பாறையைக் குடைந்த தொட்டி, வாய் குறுகி வயிறு அகன்று கோயில் மணி மாதிரி. பெயர் 'பிர்'. கிணற்றுக்கும் அதே சொல்தான். பிர்செப்புஜா என்று ஒரு ஊரே இருக்கிறது, ஒலிவக் கிணறு என்று அர்த்தமாம். மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க இந்தத் தொட்டிக்குத்தான். விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்த தடம், விரல் உள்ளே போகிறது. முதல் மழையை நன்னா உள்ளே விடமாட்டார். குழாய் வாயில் பழந்துணியைத் திணித்து, மாடி அழுக்கெல்லாம் தெருவில் போன பிறகுதான் எடுப்பார். போன வாரம் என்னைத்தான் குனியச் சொன்னார், இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு ஒரு தொட்டி வேண்டும் என்பது இங்கே பழைய சட்டம். புது அடுக்குமாடி கட்டுகிறவர்களில் பலருக்கு அது ஞாபகமே வருவதில்லை. பெருமழை பெய்தால் பிர்கிர்கரா தெருக்களில் கார் மிதக்கும். அத்தனையும் கடலுக்கு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போர்க்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. மோட்டார் ஓட்டுகிற நேரத்தைப் பாதியாக்கி, வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து உப்பு அளவு பார்த்து எழுதிவை. ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டுக்கொட்டகை ஓட்டுத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்ப முடியுமா என்று பார். கொத்தனார் கூலி நம் இருவருக்கும் பாதிப் பாதி. வேண்டாம் என்று சொல்லாதே, எனக்கும் அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழக்கம் வந்தது.

பேத்தி போட்டோ அனுப்பு. இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
முருகேசன்