கிரிஸ் குறுவாளில் அசல் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியச் சடங்குக் குறுவாளான கிரிஸ், பழையதாக இருந்தால்தான் அசல் என்ற எண்ணம் நம் பகுதிப் பழம்பொருள் ஆர்வலர்களிடமும் உண்டு. சென்ற மாதம் கோவைக் கடையொன்றில், "முந்நூறு வருசத்துச் சரக்குங்க" என்று ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். அலகில் ஓடிய வெள்ளை வரிகள், விளிம்பு தேய்ந்திருந்த இடத்தில் சட்டென்று நின்றுபோயிருந்தன. அமிலத்தால் மேலோட்டமாக அரித்த வேலை அது.

பாமோர் எனப்படும் உண்மையான வரியோட்டம், இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, மடித்து மடித்து அடிக்கும்போது அலகின் உள்ளேயே உருவாவது. எலுமிச்சைச் சாற்றில் பாஷாணம் (ஆர்செனிக்) கலந்து பூசினால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெளுத்து நிற்கும். தேய்த்துவிட்டு மறுபடி பூசினாலும் வரிகள் திரும்ப வரும். (ஜாவாத் தீவின் சுரகர்த்தா அரண்மனைக் கொல்லர்கள், அத்தீவின் பிரம்பானான் அருகே விழுந்த விண்கல்லையும் நிக்கல் இரும்பாகப் பயன்படுத்தினர்.)

யுனெஸ்கோ 2005இல் கிரிஸைச் சிறப்பித்தபோது வாழும் மரபாகவே கருதியது. ஆகவே மரபறிந்த 'எம்பு', அதாவது கிரிஸ் கொல்லர், அலகின் வளைவுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்து முறைப்படி இன்று அடித்த புதுக் கிரிஸும், என் கணிப்பில், அசலே. பழசாகக் காட்ட அரிக்கப்பட்டதுதான் போலி. கொடுமணலில் இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்ணைச் சேர்ந்த நமக்கு இது விளங்காததல்ல. பழம்பொருள் கட்டுரைகளில் விற்பவர் சொல்லும் வயதை அப்படியே அச்சிடாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
பெருந்துறை.