வெயில் சாஞ்ச பெறவு கரண்டுக்கு என்ன வழி

மக்கா,

உன் மெயில் வந்து நாளாச்சு. ஜெனரேட்டர் ஓவர்ஹால் வேலை வந்து சேந்துச்சு, பதில் அப்படியே தள்ளிப்போச்சு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதி, கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாத லே. இங்க நான் சுகம். மக பிளஸ் டூ முடிச்சுட்டு எலக்ட்ரிக்கல்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குதா, எனக்கும் அதுல சந்தோஷம்தான்.

நீ கேட்டிருந்தல்லா, சுத்தி கடலு, மேல வெயிலு, பெறவு ஏன் மாலத்தீவுல இன்னும் டீசல் ஊத்திக்கிட்டு இருக்கீங்கன்னு. நியாயமான கேள்வி. முப்பந்தல்ல இருந்து பாக்கும்போது அப்படித்தான் தோணும், அங்க உன் காத்தாலை நின்னுபோனா ஊரையெல்லாம் இணைக்குத மின்கம்பி வலை, அதான் கிரிட்டு, தாங்கிக்கும், எங்கயோ ஒரு அனல் மின் நிலையம் ஏத்திக் குடுக்கும். இங்க அந்த கிரிட்டே கிடையாது. ஆயிரத்து நூத்துச் சொச்சம் தீவு, அதுல ஆளு இருக்கது இருநூறுக்குள்ள, பக்கம் பக்கமா இருக்க ஒண்ணு ரெண்ட விட்டா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பவர் ஹவுஸ். எங்க தீவுல டீசல் ஏத்துன படகு வந்தா ஜெட்டில கட்டி, ஓஸ் இழுத்து, டேங்குல குச்சி விட்டு அளந்து எழுதுவோம். கடல் சரியில்லாம படகு வர லேட்டாச்சுன்னா கவுன்சில் ஆளு காலைலயும் சாயங்காலமும் வந்து அந்தக் குச்சியத்தான் பாத்துட்டுப் போவாரு.

அந்த டீசல் மொத்தமும் டாலர் குடுத்து வாங்குதது. 2022ல உக்ரைன் சண்டை வந்து எண்ணெய் விலை ஏறுனப்ப கவர்மென்ட்டு மானியத்துக்கே திணறிப்போச்சு. உலகத்துப் புகைல இவங்க பங்குன்னு எடுத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா தரையே பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கு, மொதல்ல தண்ணி ஏறப்போறது இங்கதான். 2009 அக்டோபர்ல அப்ப பிரசிடென்ட்டா இருந்த நஷீத் மந்திரிகள எல்லாம் கூட்டிக்கிட்டு கடலுக்கடில கேபினட் மீட்டிங் போட்டாரே, ஞாபகம் இருக்கா? பத்து வருசத்துல கார்பன் இல்லாத நாடு ஆக்குவோம்னும் அந்த வருசம்தான் சொன்னாரு. அது நடக்கல. 2023ல துபாய் பருவநிலை மாநாட்டுல இப்ப உள்ள பிரசிடென்ட் முய்சு 2028க்குள்ள கரண்டுல 33 சதவீதம் சூரியன் மாதிரி வழில எடுப்போம்னு சொல்லிருக்காரு.

சோலார் வரலன்னு நெனச்சிராத, ஆசிய வளர்ச்சி வங்கி (ஏடிபி) காசுல வெளித்தீவுகள்ல டீசலோட சேத்து ஓடுத சோலார் போட்டுருக்காங்க, ஸ்கூல் கூரை, பவர் ஹவுஸ் கூரைன்னு கிடைச்ச இடத்துல எல்லாம் பேனல், ஏன்னா இங்க தரைங்கதுதான் தங்கம். தனியார் கம்பெனி போட்டு விக்குத சோலார் யூனிட்டு மொதல்ல 21 அமெரிக்க சென்ட்டு இருந்துச்சு, பெறவு 10.9, அதுக்கடுத்து 9.8ன்னு இறங்கிருச்சு. பேனல் விலை குறைஞ்சது ஒரு காரணம், ஆனா எனக்குப் பெருசாத் தெரியுதது உலக வங்கி குடுத்த கேரண்டிதான். முதலீடு போடுதவனுக்கு வெயில் பத்தி என்ன பயம், போட்ட காசு டாலரா திரும்பி வருமாங்கது மட்டும்தான் பயம். அந்த பயத்த எடுத்துவிட்டாங்க, ரேட்டு இறங்கிருச்சு.

ஆனா மக்கா, எங்களுக்கு நெஜமான தலைவலி சாயங்காலம்தான். மத்தியானம் பேனல் நல்லா குடுக்கும். ஆனா டீசல் ஜெனரேட்டர் செட்ட முப்பது சதவீத லோடுக்குக் கீழ ரொம்ப நேரம் ஓட்டுனா எரியாத டீசல் சைலன்சர் வழியா கருப்பா ஒழுக ஆரம்பிச்சிரும், அதனால நல்ல வெயில்லயே சோலார குறைச்சு வைக்க வேண்டியிருக்கு. அந்த நேரம் பாத்து ஒரு மேகம் கடந்துச்சுன்னு வையி, பேனல் சட்டுனு பாதிக்கு விழுது, செட்டு ஏத்துப்பிடிக்கதுக்குள்ள ஃப்ரீக்வென்சி இறங்கி ஃபீடர் ட்ரிப், அதாவது தெருவுக்குப் போற லைனு தானா கட்டாயிரும். பெறவு பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுகை நேரம், பள்ளிவாசல்ல ஏசி, வீடு வீடா லைட்டு ஏசி, ராத்திரி பூரா லோடு இறங்காது, பேனல் சும்மா நிக்கும். பேட்டரி இல்லாம இத ஒண்ணும் பண்ண முடியாது.

பேட்டரி வச்சா மட்டும் முடிஞ்சிராது, டோகெலாவ பாரு. பசிபிக் கடல்ல நியூசிலாந்து ஆட்சிக்குக் கீழ உள்ள மூணு சின்ன பவளத்தீவு, ஏர்போர்ட்டே கிடையாது, சமோவால இருந்து கப்பல்லதான் போகணும். 2012ல 4,032 பேனல், 1,344 பேட்டரி வச்சு கிட்டத்தட்ட மொத்தக் கரண்டையும் வெயில்லயே எடுத்தாங்க, உலகமே பாராட்டுச்சு. கரண்டு நல்லா வந்ததும் ஃப்ரீசர் வாங்குனாங்க, மெஷின் வாங்குனாங்க, யாரு வேண்டாம்பா? உபயோகம் கூடி பேட்டரி பத்தாம திரும்ப டீசல் ஓட்ட வேண்டியதாச்சு. அது தோல்வின்னு எழுதுதவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வரும். அந்த சனங்க நல்லா வாழ ஆரம்பிச்சாங்க, அடுத்த பேட்டரிக்கும் ஆளுக்கும் சேத்து காசு ஒதுக்கிருக்கணும், அவ்வளவுதான். திறப்பு விழாவுக்கு காசு குடுக்க எல்லா நாடும் வருது. பத்து வருசம் கழிச்சு இன்வெர்ட்டர் போர்டு மாத்த காசு கேட்டா ஒருத்தனையும் காணோம்.

உப்புக்காத்து பத்தி உனக்குச் சொல்ல வேண்டாம். பேனல் கண்ணாடில மாவு தடவுன மாதிரி உப்பு படிஞ்சிரும். அத நல்ல தண்ணி ஊத்தித்தான் கழுவணும், அந்த நல்ல தண்ணியோ கடல் தண்ணிய ஆர்ஓ பிளான்ட்டுல சுத்திகரிச்சு எடுக்குதது, அதுக்கு ஓடுததும் டீசல் கரண்டு. அதனால நான் மழை பெய்யட்டும்னு பாத்திருந்து தொட்டில பிடிச்சு வச்சுக் கழுவச் சொல்லுதேன்.

எனக்கு ஒரு யோசனை இருக்கு, கவுன்சில்லயும் சொல்லிட்டேன். ஆர்ஓ பிளான்ட்டையும் மீனுக்கு ஐஸ் போடுத பிளான்ட்டையும் காலைல பத்துல இருந்து மூணு வரைக்கும் ஓட்டுனா என்ன? தண்ணிய டேங்குல வச்சுக்கலாம், ஐஸ பெட்டில வச்சுக்கலாம், சூரை பிடிக்கப் போறவங்களுக்கு விடியக்காலம் எடுத்துக் குடுத்தா போதும். பேட்டரிக்குக் குடுக்குத டாலர்ல பாதியாவது மிச்சம்னு தோணுது. அவங்களும் தலையாட்டிருக்காங்க, ஒரு மாசம் ஓட்டிப் பாக்கலாம்னு.

நீ காத்தாலை வைக்கலாமேன்னு கேட்ட. வடக்குப் பக்கம் காத்து பரவாயில்ல, தெக்க பூமத்திய ரேகைப் பக்கம் போகப்போக சுணங்கிரும். அத தூக்கி நிறுத்த கிரேன் கொண்டு வாறதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணம் பக்கம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுல இந்தியா மானியத்துல காத்தாலை, சோலார், பேட்டரி, டீசல் நாலையும் சேத்துப் போடுததுக்கு 2024 மார்ச்ல ஒப்பந்தம் போட்டாங்கல்லா, அங்க வேலை எந்த மட்டுல நிக்குன்னு உனக்கு ஏதும் தெரிஞ்சா எழுது.

இன்னொண்ணு, பேனல் ஸ்டாண்டுல உள்ள போல்ட்டு எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போயி ஸ்பேனரே திரும்ப மாட்டேங்குது. உங்க டவர் போல்ட்டுக்கு என்ன கிரீஸ் போடுதீங்க, டப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தூத்துக்குடில இருந்து மாலேக்கு சரக்கு வாற கப்பல்ல நம்மாளு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட ரெண்டு டப்பா குடுத்துவிடச் சொல்லுதேன்.