நீர்க்குரங்கும் கொறங்காட்டு எலும்பும்: கோபி டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கமுங்க. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு, மனித முன்னோர் ஒரு காலத்தில் நீரில் வாழ்ந்தார்கள் என்கிற ‘நீர்க்குரங்கு’ கருதுகோளை எடுத்திருக்கிறார்கள், எதை வைக்கலாம் எதை விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பு நல்ல தலைப்புதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. மனித உடல் நீரில் வாழ்ந்துதான் இந்த வடிவத்துக்கு வந்ததா? நம் முன்னோர் நீர்க்கரையில் இரை தேடினார்களா? முதல் கேள்விக்கு ஆதாரம் ரொம்ப மெலிசு. இரண்டாவதற்குத் திடமாகவே இருக்கிறது. அட்டையில் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கருத்தை 1960 மார்ச்சில் இங்கிலாந்தின் பிரைட்டனில், முக்குளிப்போர் சங்கக் கூட்டம் ஒன்றில் சொன்னவர் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி. 1972-இலிருந்து அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர் வேல்ஸ் எழுத்தாளர் எலெய்ன் மோர்கன். வரலாற்றுக்கு இவ்வளவு போதும்.

‘நீரில் இருந்ததால்தான் உடல் முடி உதிர்ந்தது’ என்ற வரியை எடுத்துவிடலாம். பவானிசாகருக்கு மேலே மாயாற்றில் திரியும் நீர்நாய்க்கு அடர்ந்த ரோமம். கடல்நாய்க்கும் ரோமம் உண்டு. நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், தண்ணீருக்குள் அதனால் பயனே இல்லை. சித்திரை வெயிலில் நடக்கிற உடம்புக்கு ஏற்ற ஏற்பாடு அது. இரண்டு கால் நடைக்கும் ஏரி தேவைப்படவில்லை. தான்சானியாவின் லெட்டோலியில், நம் முன்னோர் இரண்டு காலில் தரையில் நடந்துபோன 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித் தடங்கள் எரிமலைச் சாம்பலில் பதிந்திருக்கின்றன.

முகம் நனைந்தால் நாடி குறையும் சோதனையைக் கட்டாயம் வையுங்கள், கூட்டம் அதற்குத்தான் வரும். அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் போட்டு 10 முதல் 15 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பிள்ளையை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் ஓய்வெடுத்த பிறகு 30 விநாடி நாடியை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு நெற்றியும் கன்னமும் முழுக்க மூழ்கும்படி முகத்தை வைக்க, தோழி ஒருத்தி மணிக்கட்டில் கடைசி 15 விநாடி நாடியை எண்ணி, முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட இரட்டித்துக்கொள்ள வேண்டும். மூச்சுப் பிடிப்பது 30 விநாடியைத் தாண்டவே கூடாது. ஒப்பிடுவதற்காக, தண்ணீர் இல்லாமல் வெறுமனே மூச்சை மட்டும் பிடித்தும் ஒருமுறை எண்ணுங்கள். இது இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை.

சோதனை சொதப்பினால் பெரும்பாலும் மூன்று காரணம்தான். டேங்க் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது, நெற்றி நனையாதது, பார்வையாளர் கைதட்டிப் பிள்ளையின் நாடியை ஏற்றிவிடுவது. இதய நோய், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வேண்டாம். முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு இழுக்க விடாதீர்கள், மயக்கம் வரும். கிணற்றிலோ வாய்க்காலிலோ இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். நாடி குறைந்ததும் ‘பார்த்தீர்களா, நாம் நீர்ப்பிராணி!’ என்று பிள்ளைகள் குதிப்பார்கள். நாய்க்கும் எலிக்கும் கூட இதே அனிச்சைச் செயல் உண்டு என்று பேசின் பக்கத்திலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது, புதைபடிவங்கள் ஏன் ஏரி, ஆற்றுப் படிவுகளிலேயே அதிகம் கிடைக்கின்றன என்பது. என்னைக் கேட்டால் கண்காட்சியின் உயிரே இங்கேதான். காங்கயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், செத்த ஆட்டின் எலும்பை நாய் இழுத்துப் போகும். மிஞ்சியது வெயிலில் நீளவாக்கில் வெடித்து, மேல்பகுதி செதில் செதிலாக உரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகும். கென்யாவின் அம்போசெலியில் அன்னா பெரென்ஸ்மெயர் இந்தச் சிதைவை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்து 1978-இல் வெளியிட்டார். அதே எலும்பு வெள்ளத்து வண்டலில் சீக்கிரம் மூடிக்கொண்டால் தப்பிக்கும். ஆகவே கரையில் எலும்பு அதிகம் கிடைப்பது, எலும்பு எங்கே தங்கும் என்பதைத்தான் முதலில் காட்டுகிறது. ஆள் எங்கே வாழ்ந்தார் என்பது அதற்கு அடுத்த கேள்வி. கிளுவை வேலியோரம் கிடக்கும் பழைய ஆட்டெலும்பு இரண்டும், கறிக்கடையில் வாங்கி வேகவைத்துச் சுத்தம் செய்த எலும்பு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பழைய எலும்பைக் கையுறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள். தடப்பள்ளி வாய்க்கால் வண்டலை ஒரு தட்டில் வைத்தால் இன்னும் தெளிவாகும்.

இனி இரண்டாவது கேள்வி. கென்யாவின் துர்கானா ஏரியின் கிழக்கே கூபி ஃபோராவில் 19.5 லட்சம் ஆண்டுப் பழமையான ஓரிடத்தில் ஆமை, முதலை, மீன் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றில் கல்லால் வெட்டிய கீறல்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பினாக்கிள் பாயின்ட் குகையில் 1,64,000 ஆண்டுக்கு முன்பே கிளிஞ்சல் தின்றிருக்கிறார்கள். கரை நல்ல சாப்பாட்டுக்கடை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘மீன் கொழுப்பு இல்லாமல் மூளை வளர்ந்திருக்காது’ என்று எழுத வேண்டாம். மூளைக்கு வேண்டிய அந்தக் கொழுப்பு நிலத்து விலங்கின் மூளையிலும் ஈரலிலும் உண்டு.

நடுவர் யாராவது, மனிதனுக்குக் குரல்வளை கீழே இறங்கியிருப்பது நீர்வாழ்வின் அடையாளம்தானே என்று கேட்டால், ஆண் செம்மானுக்கும் அப்படித்தான் என்று சொல்லட்டும். தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் முக்குளிப்பாளர்களுக்கு அண்டை நிலத்து மக்களைவிட, மூச்சுப் பிடித்து முக்குளிக்க உதவும் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிது என்ற 2018 ஆய்வையும் யாராவது எடுத்துவிடுவார்கள். அது ஒரு தனிக் குழுவில் அண்மைச் சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த மாற்றம், மனித இனம் முழுவதற்குமானது அல்ல என்று பதில் சொல்லப் பழக்கிவிடுங்கள்.